முறியும் இடமும் முறியும் விதமும்

தலைவர் அவர்களே, இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினரே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே,

பொருள்களின் வலிமையைப் பற்றிப் பேசப் புகுவோர் எண்களோடு தொடங்குவது வழக்கம். எஃகின் வலிமை இவ்வளவு, அலுமினியத்தின் வலிமை இவ்வளவு, கார்பன் இழையின் வலிமை இவ்வளவு என்று ஓர் அட்டவணையை முன்னே வைத்துவிட்டால், பொருளின் இலக்கணம் முழுவதும் கூறி முடிந்துவிட்டதாக ஒரு திருப்தி பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உண்டாகிறது. எஃகைப் பொறுத்த வரையில் அந்தத் திருப்தி பெரிதும் நியாயமானதே. ஆனால் இழையும் பிசினும் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பொருள்களின் விஷயத்தில், அந்த எண்ணைத் தந்த துண்டு எந்தக் கரங்கள் செய்த பலகையிலிருந்து வெட்டப்பட்டது, எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, எவ்விடத்தில் எவ்விதமாக முறிந்தது என்னும் வரலாறு உடன் வாராவிடில், அவ்வெண்ணுக்குப் பிரமாணம் என்னும் தகுதி கிடையாது. இதுவே இன்று உங்கள்முன் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

உலோகம் ஆலையில் உருக்கப்பட்டு, தகடாகவும் கம்பியாகவும் உருட்டப்பட்டு, அங்கேயே பரீட்சிக்கப்பட்டு, சான்றிதழோடு தொழிற்சாலையை வந்தடைகிறது. பற்றவைப்பையும் வெப்பப் பதப்படுத்தலையும் விலக்கிப் பார்த்தால், அதன்பின் அதை வெட்டுவதும் துளைப்பதும் அதன் சுபாவத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. கூட்டுப்பொருளிலோ பொருளும் உறுப்பும் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. விமானத்தின் இறக்கைத் தோலாகப் போகும் பலகைக்காக இழை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே உறையிட்டுக் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் இறுகவைக்கும்போதுதான், அந்தப் பொருள் உலகில் முதன்முதலாகத் தோன்றுகிறது. ஆகவே அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கூடத்தில் இழுத்து முறிக்கிறபோது, கார்பனோடும் எபாக்சிப் பிசினோடும் சேர்த்து, இழையை விரித்தவரின் கவனத்தையும், உறையின் ஓரத்தில் காற்று கசிந்ததா என்பதையும், கலத்தின் வெப்பம் எத்துணைச் சீராக ஏறியது என்பதையும் நாம் பரீட்சிக்கிறோம்.

பொருளைப் பணம் பெற்றுப் பரீட்சித்துத் தரும் தொழிலுக்கு ஒரு கௌரவத்தை உண்டாக்கியவர் டேவிட் கிர்கால்டி என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியரின் பட்டறையில் பணியாற்றிய அவர், பின்பு லண்டனுக்கு வந்து, தாமே வகுத்த பிரம்மாண்டமான நீரழுத்த இயந்திரத்தை நிறுவி, 1866-இல் தம் பரிசோதனைச் சாலையைத் திறந்தார். 1874-இல் அது சௌத்வார்க் தெருவுக்கு மாறியது. அங்கே வாயிலின்மேல், அபிப்பிராயங்கள் அல்ல, உண்மைகளே என்னும் பொருள்படும் வாசகத்தைக் கல்லில் பொறித்துவைத்தார். 1879 டிசம்பரில் டே நதிப் பாலம் ரயிலோடு வீழ்ந்தபோது, அதன் இரும்புத் துண்டுகள் அவரிடமே பரீட்சைக்கு வந்தன. கிர்கால்டியிடம் நான் பெரிதும் மதிப்பது அவருடைய இயந்திரத்தைக் காட்டிலும் அவருடைய கண்ணையே. ஒரே இரும்பு மெல்ல இழுக்கப்பட்டு அறுந்தால் முறிந்த முகம் நாரோட்டமாகவும், திடீரென முறிக்கப்பட்டால் படிகம்போன்றும் தோன்றும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எத்துணைப் பாரத்தில் முறிந்தது என்பதோடு, எப்படி முறிந்தது என்பதையும் பதிவு செய்யவேண்டும் என்னும் ஒழுக்கம் அவர் காலத்தில் இவ்வாறு வேரூன்றிற்று. இக்காலக் கூட்டுப்பொருள் சோதனைக்கு அந்த ஒழுக்கம் இன்றியமையாதது.

இழைகளின் வலிமையை உலகம் உணர்ந்துகொண்டதும் ஒரு பரீட்சையின் வாயிலாகவே. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஏ. ஏ. கிரிஃபித், கண்ணாடியை உருக்கிப் பல தடிமன்களில் இழைகளாக நீட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, 1921-இல் வெளியான தம் கட்டுரையில் முடிவுகளை அறிவித்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடித்த கண்ணாடிக் கம்பி சதுர அங்குலத்துக்குச் சுமார் 25,000 பவுண்டு விசையில் அறுந்தது. அதே கண்ணாடி மில்லிமீட்டரில் முந்நூற்றில் ஒரு பங்கு மெல்லியதாக நீட்டப்பட்டபோது, அவ்வெண் ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டை எட்டிற்று. பருத்த கண்ணாடியில் மறைந்துள்ள நுண்ணிய கீறல்கள் அதன் வலிமையைத் திருடுகின்றன என்றும், மெல்லிய இழையில் பெரிய கீறல் இருக்க இடமில்லை என்றும் அவர் கண்டார். கண்ணாடி இழையும், பின்னர் 1960-களில் ஜப்பானில் ஷிண்டோவாலும் ஃபார்ன்பரோவில் வாட் குழுவினராலும் வளர்க்கப்பட்ட கார்பன் இழையும், இந்த அறிவின் வழியில் வந்தவையே.

இனி, இழுவைப் பரீட்சையைச் சற்று விரிவாகக் காண்போம். ஒரே திசையில் இழைகள் ஓடும் கார்பன் பலகையிலிருந்து, ஏ.எஸ்.டி.எம். டி 3039 என்னும் நியமத்தின் பரிந்துரைப்படி, 250 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பட்டை வெட்டப்படுகிறது. இயந்திரத்தின் பற்கள் நேராகக் கடித்தால் மேற்பரப்பின் இழைகள் நசுங்கி, பட்டை பிடியிலேயே அறுந்துவிடும். ஆதலால் இரு முனைகளிலும் கண்ணாடியிழைத் தகடுகளை ஒட்டி, அவற்றையே பற்களுக்குக் கொடுக்கிறார்கள். நடுவில், திரிபை அளக்கும் மின்தடைப் பட்டை ஒட்டப்படுகிறது. பிறகு நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் என்னும் நிதானமான வேகத்தில் பிடிகள் விலகுகின்றன. திரிபு 0.1 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதம் வரை ஏறும் இடைவெளியில் வரைகோட்டின் சாய்வைக் கணித்து மீட்சிக் குணகம் பெறப்படுகிறது. சில நிமிடங்களுக்குப் பின், முதலில் ஓர் இழை, பின் சில இழைகள் என்று சிறு வெடிப்பொலிகள் கேட்கும். கடைசியில் பட்டை முழுவதும் துடைப்பக் குச்சிகளாகச் சிதறும். அதன் பின்னரே பரீட்சகரின் உண்மையான வேலை தொடங்குகிறது. முறிவு எவ்வகையானது, எந்தப் பகுதியில் நிகழ்ந்தது, அப்பகுதியில் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதை மூன்று எழுத்துகளால் குறிக்கும்படி அந்நியமம் விதிக்கிறது. பிடிக்குள்ளோ பிடியின் விளிம்பிலோ துண்டுகள் அடுத்தடுத்து அறுந்திருந்தால், சோதித்த முறையையே ஐயுற்றுத் திருத்தவேண்டும். அந்த மூன்று எழுத்துகளை எழுதாமல், ஐந்து எண்களின் சராசரியை மட்டும் எழுதிவைக்கும் ஆய்வேடுகளை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். மாணவர்கள் இரவு பகலாக உழைத்துப் பெற்ற உண்மையின் பாதியை அவர்களே குப்பையில் போடுவதைக் காண என் மனம் வருந்துகிறது.

திசையின் மகிமையும் இப்பரீட்சையில்தான் வெளிப்படுகிறது. இழையின் வழியே இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 1,500 நியூட்டன் தாங்கும் கார்பன்–எபாக்சிப் பலகை, இழைக்குக் குறுக்கே இழுத்தால் 50 நியூட்டன் அளவிலேயே பிளந்துவிடும். இழை 5 பாகை சாய்ந்திருந்தாலே வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறையக்கூடும். பட்டையை வெட்டும் ரம்பம் சற்றே கோணலாகச் சென்றால், நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர் வந்துசேரும் என்பது இதனால் விளங்கும்.

இழுவையைக் காட்டிலும் அமுக்கம் நூறு மடங்கு சிரமமானது. மெல்லிய பட்டையை நிறுத்தி அமுக்கினால், பொருள் நசுங்குவதற்கு முன்பே பட்டை வில்லாக வளைந்துவிடும். அப்போது நாம் அளப்பது பட்டையின் வடிவத்தை மட்டுமே. இந்த இடரை வெல்வதற்காக அறிஞர்கள் அரை நூற்றாண்டாக வெவ்வேறு பிடிகருவிகளை வகுத்து வந்திருக்கின்றனர். பக்கங்களில் உராய்வின் வழியாக விசையைச் செலுத்துவது ஒரு முறை. முனைகளில் நேரே அழுத்துவது மற்றொரு முறை. இரண்டையும் கலந்து, 140 மில்லிமீட்டர் பட்டையில் நடுவே 13 மில்லிமீட்டரை மட்டும் திறந்துவிட்டு அமுக்கும் டி 6641 நியமம் இன்று பெரிதும் வழங்குகிறது. அந்தச் சிறு இடைவெளியின் இரு முகங்களிலும் திரிபுமானிகளை ஒட்டி, இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று பார்த்தால்தான், பட்டை வளையாமல் நேராக அமுங்கியது என்று சத்தியம் செய்யமுடியும். பொருளின் உள்ளே நிகழ்வதும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கார்பன் இழைகள் அமுக்கத்தில் தாமாக நசுங்குவது அரிது. சுற்றியுள்ள பிசின் தாங்கிப் பிடிக்கமாட்டாமல் தளரும்போது, அவை கூட்டமாக ஒரே பக்கம் மடிந்து, குறுக்கே ஒரு மடிப்புக் கோடாக முறிகின்றன. ஆகவே இழுவையில் இழை பேசுகிறது. அமுக்கத்தில் பிசினும் இழையின் நேர்மையும் பேசுகின்றன. விரிக்கும்போது இழையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு அலை நேர்ந்துவிட்டால், இழுவைப் பரீட்சையைவிட அமுக்கப் பரீட்சை அதை விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த அராமிட் இழை இழுவையில் மகா வீரன். அதைக் கொண்ட கூட்டுப்பொருளின் அமுக்கவலிமை அதன் இழுவலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. இழுவை எண் ஒன்றை நம்பி அதனால் தூண் செய்வோர் ஏமாந்து போவர்.

அடுக்குகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைச் சோதிக்க, தடிமனைப்போல் ஆறு மடங்கு நீளமுள்ள குட்டையான துண்டை இரு முட்டுகளில் தாங்கி நடுவே அழுத்தும் முறை ஒன்று உண்டு. அது தரும் எண்ணை வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளலாகாது. ஒரு பலகையை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கே அது உதவும். ஆனாலும் உள்ளே காற்றுக்குமிழ்கள் மிகுந்திருந்தால் அப்பரீட்சை உடனே குறைகூறிவிடும். குமிழ்களின் பங்கு ஒரு சதவீதம் ஏறினால் இந்த வலிமை சுமார் 7 சதவீதம் இறங்குவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இயந்திர இலக்கணங்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நான், பௌதிக இலக்கணங்களைச் சிறிய விஷயமென்று எண்ணுவதாக யாரும் கருதவேண்டாம். கண்ணாடியிழைத் துண்டு ஒன்றை எடைபோட்டு, 565 பாகை உலையில் வைத்தால் பிசின் எரிந்து போகும். எஞ்சிய கண்ணாடியை மீண்டும் எடைபோட்டால் இழை எவ்வளவு, பிசின் எவ்வளவு என்று தெரியும். எஞ்சியதை ஒவ்வோர் அடுக்காக எடுத்து எண்ணினால், எத்தனை அடுக்குகள், எந்தத் திசையில் போடப்பட்டன என்பதும் வெளியாகும். கார்பன் இழை உலையில் தானும் எரியத் தொடங்கும் ஆதலால், அதற்கு நைட்ரிக் அமிலம் போன்றவற்றால் பிசினைக் கரைக்கவேண்டும். அடர்த்தியை நீரில் அமிழ்த்தி அளந்து, இந்தப் பங்குகளோடு ஒப்பிட்டால், குமிழ்களின் பங்கும் கணக்கில் வந்துவிடும்.

ஈரம் தனியே பேசத்தக்கது. எபாக்சிப் பலகை தன் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும். அது மிக மெதுவாக நிகழ்வது. 70 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்தாலும், தடித்த பலகை நிறைவுபெற மாதங்கள் செல்லலாம். உட்புகுந்த நீர் பிசினை நெகிழச் செய்கிறது. எந்த வெப்பத்தில் பிசின் கண்ணாடித் தன்மையை இழந்து இளகுகிறதோ அந்த வெப்பநிலை கீழிறங்குகிறது. ஆகவேதான் விமானத் துறையினர் உலர்ந்த துண்டை அறை வெப்பத்தில் சோதிப்பதோடு நில்லாமல், நீரூறிய துண்டைச் சூட்டில் வைத்து அமுக்கியும் பார்க்கின்றனர். எந்நாளும் கடற்காற்று வீசும் தேசத்தில் வாழும் நமக்கு இப்பரீட்சையின் அவசியத்தை விளக்கவேண்டியதில்லை.

மோதல் பரீட்சைக்கு வருகிறேன். 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் ஆர்பி211 என்னும் விமான எஞ்சினுக்கு ஹைஃபில் என்று பெயரிட்ட கார்பன் இழை விசிறி அலகுகளை வகுத்தனர். எடையில் பெருஞ் சேமிப்பு. இழுவையிலும் அதிர்விலும் நல்ல முடிவுகள். ஆனால் 1970-இல், எஞ்சினுக்குள் பறவை புகுவதைப் போலச் செய்யும் பரீட்சையில் அவ்வலகுகள் சிதைந்தன. கம்பெனியார் டைட்டானியத்துக்குத் திரும்பினர். 1971 பிப்ரவரி 4-ஆம் நாள் அந்த மாபெரும் நிறுவனம் கடனில் மூழ்கி நொடித்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன எனினும், அந்த அலகின் கதையும் அதில் ஒரு பங்கு. பிற்காலத்தில் 1995-இல் சேவைக்கு வந்த ஜிஇ90 எஞ்சினில், முன்விளிம்புக்கு டைட்டானியக் கவசம் பூட்டிய கார்பன் அலகுகள் வெற்றி கண்டன. இழைகளின் வழியே மலைபோல் நிற்கும் பொருள், குறுக்கே விழும் ஓர் அடியில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும் என்பதை ஒரு தலைமுறை பெருவிலை கொடுத்துக் கற்றது.

பெரிய அடி கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிறிய அடியே பயங்கரமானது. பணியாள் கையிலிருந்து ஒரு திருகுச்சாவி இறக்கைமேல் விழுந்தால், மேலே ஒரு மங்கலான தழும்புகூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். இதனைச் சோதிக்க, 150 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர் பலகையின்மேல் உருண்டை முனையுள்ள எடையை விழச்செய்து, பின்பு அதே பலகையை அமுக்கி, எஞ்சிய வலிமையைக் காண்கின்றனர். அது பாதிக்கும் கீழே குறைவதும் உண்டு. உறுப்பை முறிக்காமல் இந்தப் பிரிவைக் கண்டறியக் கேளா ஒலிக் கருவிகள் இருப்பினும், ஒரு நாணயத்தால் மேற்பரப்பைத் தட்டி ஒலியைக் கேட்பது இன்றும் நியமங்களில் இடம்பெறும் ஒரு முறையே. சந்தையில் மண்பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு அதன் தத்துவத்தை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

பரீட்சைகளின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதும் இவ்வியலின் சுபாவம். கிரிஃபித் சொன்ன கீறல்கள் ஒவ்வோர் இழையிலும் வெவ்வேறாக இருப்பதால் வலிமையும் சிதறுகிறது. ஸ்வீடன் நாட்டு வாலோடி வைபுல் 1939-இல் இச்சிதறலுக்கு ஒரு கணிதத்தை வகுத்தார். விமானத்துறையில் சராசரியை யாரும் நம்புவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு துண்டுகளாவது, மிகக் கவலைக்குரிய இடங்களில் தொண்ணூற்றொன்பது துண்டுகளாவது எட்டக்கூடிய வலிமையை, 95 சதவீத உறுதியோடு கணித்து, அதனையே வடிவமைப்புக்குக் கொடுக்கின்றனர். சிதறல் மிகுந்தால் இவ்வெண் தாழும். அதாவது ஒழுங்காகச் செய்பவன் அதே பொருளிலிருந்து அதிக வலிமையைச் சட்டப்படி பெறுகிறான்.

சிறு பட்டையிலிருந்து இணைப்புகளுக்கும், இணைப்புகளிலிருந்து பெரும் உறுப்புகளுக்கும், கடைசியில் முழு விமானத்துக்கும் படிப்படியாகச் செல்லும் பரீட்சை வரிசை இதனாலேயே உண்டாயிற்று. எடையில் பாதி கூட்டுப்பொருளாலான போயிங் 787, பல்லாயிரம் பட்டைகளின் பரீட்சையைக் கடந்த பின்னரும், 2009-இல் இறக்கையை வளைக்கும் பரீட்சையில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், நீட்டுச் சட்டங்களின் முனையருகே அடுக்குப் பிரிவைக் காட்டிற்று. முதற்பறப்பு அவ்வாண்டு ஜூனிலிருந்து டிசம்பர் 15-க்குத் தள்ளிப்போயிற்று. பத்திரிகைகள் இதைத் தோல்வியென்று எழுதின. என் மதிப்பில் அது பரீட்சையின் பெருவெற்றி. 2001 நவம்பர் 12-இல் நியூயார்க்கில் வீழ்ந்து 265 உயிர்களைக் கொண்டுபோன ஏர்பஸ் ஏ300 விமானத்தின் வால்துடுப்பு கூட்டுப்பொருளாலானது என்றவுடன், பொருளின்மேலேயே பழி விழுந்தது. ஆராய்ந்தபோது, சுக்கானை இடமும் வலமுமாக மாறிமாறி முழுவீச்சில் மிதித்ததால், வடிவமைப்பின் உச்சப் பாரத்தையும் கடந்த விசையில்தான் அதன் பிடிமானங்கள் முறிந்தன என்று புலனாயிற்று. முறிந்த பிடிமானங்களின் முகத்தைப் படித்து, அதேபோன்ற பிடிமானங்களைப் பரிசோதனைக்கூடத்தில் முறித்து ஒப்பிட்டே அந்த உண்மை நிலைநாட்டப்பட்டது.

விமானங்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் கரையோரத்தை மறந்து இறங்குவது முறையாகாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் ஆயிரக்கணக்கில் அவசரமாகக் கட்டப்பட்டன. மீனவர் அவற்றைச் சுருக்கமாக ஃபைபர் என்கின்றனர். அச்சில் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைப் பூசி, மேட் என்னும் கண்ணாடியிழை விரிப்பை இட்டு, ரெசின் என்னும் பிசினில் அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டைக் கலந்து ஊற்றி, ரோலரால் காற்றை அழுத்தி வெளியேற்றும் அந்த வேலை, பார்ப்பதற்கு எளியது. ஆட்டோகிளேவில் நிகழும் அதே பிறப்புத்தான் அங்கும் நிகழ்கிறது. ரெசினை மிச்சம்பிடித்தால் இழை நனையாது. அள்ளி ஊற்றினால் பாரம் கூடுமேயன்றி வலிமை கூடாது. கேட்டலிஸ்ட் குறைந்தால் படகு வெளியே காய்ந்தும் உள்ளே வேகாமலும் நிற்கும். வர்ணம் பூசிய பின் இவற்றில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படகை நம்பிக் கடலுக்குப் போகிறவனுக்கோ சான்றிதழ் காட்ட ஆளில்லை.

இப்படகுகளைப் பரீட்சித்துச் சான்று தருவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு படகிலும் பொருத்துகளுக்காகத் துளையிட்டு எடுக்கும் வட்டத் துண்டுகள் உண்டு. இப்போது அவை மணலில் எறியப்படுகின்றன. அவற்றில் ஒன்றைப் படகின் எண்ணெழுதிய உறையிலிட்டு, கரையோர மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அனுப்பலாம். உலை பல கல்லூரிகளில் இருக்கிறது, தராசு இருக்கிறது, மாணவர் இருக்கின்றனர். துண்டை எரித்து, கண்ணாடியின் பங்கு மேட் அடுக்கிய படகுக்குரிய 30 சதவீத அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது, எஞ்சிய அடுக்குகளை எண்ணுவது, படகின் மேற்பரப்பில் பார்கோல் கடினமானியை ஊன்றி, ரெசினைச் செய்தவர் குறித்த எண் வருகிறதா என்று காண்பது, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து உட்பரப்பு பிசுபிசுக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பது, இவை ஒரு நாளில் முடியும் வேலைகள். முடிவைப் படகு கட்டினவரிடமும் வாங்கினவரிடமும் எழுத்தில் தமிழிலேயே கொடுக்கவேண்டும். இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்க இயலுமா என்று தலைவர் அவர்களையும் நிறுவிய குடும்பத்தினரையும் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆண்டில் துண்டுகளை வாங்கிப் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாயிருக்கிறேன்.